கணிப்பைச் சான்றாக அச்சிடாதீர்கள்

உயிரியல் படிக்கும் மாணவர்களின் கைக்கு எட்டும் கருவிகளில் மிக எளிதானவற்றுள் ஒன்று, சிக்னல் பெப்டைடைக் கணிக்கும் இணையக் கருவி. ஒரு புரதத்தின் அமினோ அமில வரிசையை நகலெடுத்து, தளத்தில் இருக்கும் பெட்டியில் ஒட்டி, பொத்தானை அழுத்தினால் போதும். சிறிது நேரத்தில் ஒரு வரைபடமும், பூஜ்யத்துக்கும் ஒன்றுக்கும் இடைப்பட்ட ஓர் எண்ணும் வந்துவிடும். எண் ஒன்றை நெருங்க நெருங்க, அந்தப் புரதத்தின் தொடக்கத்தில் சிக்னல் பெப்டைடு இருக்கும் வாய்ப்பு கூடுகிறது என்று பொருள். கட்டணம் கிடையாது, ஆய்வகம்கூட வேண்டியதில்லை. இதுவரை குறை சொல்ல ஒன்றுமில்லை. குறை அடுத்த கட்டத்தில் தொடங்குகிறது. திரையில் வாய்ப்பாக இருந்தது, ஆய்வேட்டின் அட்டவணைக்குப் போகும்போது ‘உண்டு’, ‘இல்லை’ என்று சுருங்குகிறது. அட்டவணையிலிருந்து கட்டுரைக்குப் போகும்போது ‘இந்தப் புரதம் செல்லுக்கு வெளியே சுரக்கப்படுகிறது’ என்று நீள்கிறது. அந்தக் கட்டுரையை இன்னொருவர் மேற்கோள் காட்டும்போது நிறுவப்பட்ட உண்மையாகிவிடுகிறது. இத்தனை படிகளிலும் ஒருவரும் ஒரு சோதனைக்குழாயைத் தொட்டிருக்க வேண்டிய அவசியமே இல்லை. கணித்தது எது, சோதித்து அறிந்தது எது என்பதை ஒவ்வொரு படியிலும் பிரித்து எழுதுவதைப் பல்கலைக்கழகங்களும் ஆய்விதழ்களும் கட்டாயமாக்க வேண்டும் என்பதே என் வாதம்.

சிக்னல் பெப்டைடு என்றால் என்ன என்று முதலில் பார்த்துவிடலாம். செல்லின் உள்ளே ரைபோசோம்கள் புரதங்களைத் தயாரித்துக்கொண்டே இருக்கின்றன. அவற்றில் பல அங்கேயே வேலை பார்ப்பவை. இன்சுலின், எதிர்ப்பொருள்கள், செரிமான நொதிகள் போன்றவையோ வெளியே போயாக வேண்டியவை. வெளியே போக வேண்டிய புரதங்களில் பெரும்பாலானவற்றின் தொடக்க முனையில், ஏறக்குறைய 15 முதல் 30 அமினோ அமிலங்கள் கொண்ட ஒரு துண்டு இருக்கும். அதுதான் சிக்னல் பெப்டைடு. தியேட்டர் வாசலில் டிக்கெட்டைக் கிழித்து வாங்கிக்கொண்டு ஆளை உள்ளே விடுவதுபோல, புரதம் சவ்வைக் கடக்கும்போதே அந்தத் துண்டை ஒரு நொதி வெட்டி எடுத்துவிடுகிறது. மனித இன்சுலின் உருவாகும்போது அதில் 110 அமினோ அமிலங்கள் இருக்கின்றன. முதல் 24 சிக்னல் பெப்டைடு. அது போன பிறகும் நடுவே சில வெட்டுகள் நடந்து, கடைசியில் ரத்தத்தில் கலக்கும் இன்சுலினில் 51 மட்டுமே மிஞ்சுகின்றன. சிக்னல் பெப்டைடு எங்கே முடிகிறது என்பது சின்ன விவரம் அல்ல. இன்சுலின் மரபணுவில் ஒரு பிழை நேர்ந்து, வெட்டு விழும் இடத்துக்குச் சற்று முன்னால், 24ஆவது இடத்தில் இருக்க வேண்டிய அலனின் மாறி அஸ்பார்டிக் அமிலம் வந்து உட்கார்ந்தால், வெட்டு ஒழுங்காக நடப்பதில்லை. அந்தக் குழந்தைக்குப் பிறந்த சில மாதங்களிலேயே நிரந்தரச் சர்க்கரை நோய் வருகிறது. 110 எழுத்துகளில் ஒரே ஓர் எழுத்து செய்யும் வேலை இது.

இந்தத் துறையே ஒரு கணிப்பிலிருந்து பிறந்தது என்பதைக் கவனிக்க வேண்டும். 1971இல் நியூயார்க்கின் ராக்ஃபெல்லர் பல்கலைக்கழகத்தில் இருந்த குந்தர் புளோபெல், டேவிட் சபாட்டினி இருவரும், வெளியே போக வேண்டிய புரதங்களின் முனையிலேயே அதற்கான குறிப்பு எழுதப்பட்டிருக்கலாம் என்று ஊகித்தார்கள். அப்போது அவர்கள் கையில் நேரடிச் சான்று இல்லை. அடுத்த ஆண்டு கேம்பிரிட்ஜில் சீசர் மில்ஸ்டைனின் குழுவினர், எதிர்ப்பொருளின் ஒரு பகுதி முதலில் சற்று நீளமாக உருவாகிப் பிறகு குறைகிறது என்று கண்டார்கள். புளோபெல் அத்தோடு திருப்தி அடைந்துவிடவில்லை. நாயின் கணையத்திலிருந்து எடுத்த சவ்வுகள், முயலின் ரைபோசோம், எலிக் கட்டியிலிருந்து எடுத்த தூது ஆர்என்ஏ ஆகியவற்றைச் சோதனைக்குழாயில் ஒன்றாகக் கலந்து, புரதம் சவ்வுக்குள் நுழைவதையும் அதன் முனை வெட்டப்படுவதையும் 1975இல் சக ஆய்வாளர் டோபர்ஸ்டைனுடன் சேர்ந்து காட்டினார். அதற்குப் பிறகும் பல ஆண்டுகள் அது ‘சிக்னல் கருதுகோள்’ என்ற பெயரிலேயே வழங்கியது. 1999இல் மருத்துவத்துக்கான நோபல் பரிசு புளோபெல்லுக்குத் தனியாகக் கிடைத்தது. முதலில் ஊகம், பிறகு சோதனை, அதன் பிறகே முடிவு என்ற அந்த வரிசையில்தான் இன்று நடுப்பகுதி காணாமல் போய்க்கொண்டிருக்கிறது.

கணினிக்கு இதில் என்ன வேலை? வெவ்வேறு புரதங்களின் சிக்னல் பெப்டைடுகளை அடுக்கிவைத்துப் பார்த்தால் எழுத்துக்கு எழுத்து ஒற்றுமை தெரிவதில்லை; பொதுவான சாயல்தான் தெரிகிறது. தொடக்கத்தில் நேர்மின் ஏற்றம் உள்ள ஒன்றிரண்டு அமினோ அமிலங்கள், நடுவில் தண்ணீரை வெறுக்கும் நீண்ட பகுதி, முடிவில் வெட்டு விழும் இடம். சுவீடனைச் சேர்ந்த குன்னர் வான் ஹெய்னே 1980களில் அதுவரை தெரிந்திருந்த வெட்டு இடங்களையெல்லாம் திரட்டி, வெட்டுக்கு முந்தைய முதல் இடத்திலும் மூன்றாம் இடத்திலும் அலனின் போன்ற சிறிய அமினோ அமிலங்களே பெரும்பாலும் வருகின்றன என்று காட்டினார். மேலே சொன்ன சர்க்கரை நோய்க் குழந்தையின் இன்சுலினில் கெட்டுப்போனது அந்த முதல் இடம்தான். ஆனால் இந்தச் சாயல் எவ்வளவு தளர்வானது என்பதை 1987இல் வெளியான ஒரு சோதனை வெளிச்சமாக்கியது. டேவிட் பாட்ஸ்டைன் உள்ளிட்ட குழுவினர், ஈஸ்ட்டின் ஒரு நொதியிலிருந்து சிக்னல் பெப்டைடை நீக்கிவிட்டு, அந்த இடத்தில் மனித டிஎன்ஏவிலிருந்து கண்டபடி வெட்டிய துண்டுகளை ஒட்டிப் பார்த்தார்கள். ஏறக்குறைய ஐந்தில் ஒரு துண்டு, புரதத்தை வெளியே அனுப்பும் வேலையைச் செய்தது! இயற்கை இவ்வளவு தாராளமாக நடந்துகொள்ளும் இடத்தில் கறாரான விதி எழுத முடியாது. வாய்ப்பைத்தான் கணக்கிட முடியும்.

அந்த வாய்ப்பைக் கணக்கிடும் கருவிகளில் புகழ்பெற்றது சிக்னல்பி. டென்மார்க் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தினர் வான் ஹெய்னேயுடன் சேர்ந்து 1996இல் அதை இணையத்தில் வைத்தார்கள். அன்றே அது நியூரல் நெட்வொர்க் முறையில் இயங்கியது. செயற்கை நுண்ணறிவு என்ற சொல் நம் செய்தித்தாள்களுக்கு வருவதற்கு வெகு காலம் முன்பு. சவ்வில் பதிந்து நிற்கும் பகுதியும் தண்ணீரை வெறுப்பதுதான் என்பதால், பழைய பதிப்புகள் அதையும் சிக்னல் பெப்டைடையும் குழப்பிக்கொண்டன. 2004இல் வந்த ஃபோபியஸ் என்ற கருவியும் 2011இல் வந்த சிக்னல்பியின் நான்காம் பதிப்பும் அந்தக் குழப்பத்தைக் குறைத்தன. 2022இல் வெளியான ஆறாம் பதிப்பு, புரத வரிசைகளையே ஒரு மொழிபோலக் கற்ற மாதிரியைக் கொண்டு ஐந்து வகை சிக்னல் பெப்டைடுகளைப் பிரித்துச் சொல்கிறது. இவ்வளவையும் உலகத்துக்கு இலவசமாகத் திறந்துவைத்திருக்கிறார்கள். கருவி செய்தவர்களைப் பற்றி எனக்கு எந்தப் புகாரும் இல்லை.

கணிப்பைச் சரியாகப் பயன்படுத்தினால் என்ன கிடைக்கும் என்பதற்கு இரண்டு நல்ல உதாரணங்கள் உண்டு. கரோனா காலத்தில் கலிஃபோர்னியாவில் பரவிய எப்சிலான் திரிபில், ஸ்பைக் புரதத்தின் 13ஆவது இடத்தில் செரின் மாறி ஐசோலூசின் வந்திருந்தது. அந்த இடம் சிக்னல் பெப்டைடின் கடைசி எழுத்து. வெட்டு இரண்டு இடம் தள்ளி விழும் என்று கணினி சொன்னது. சியாட்டில் நகர ஆய்வாளர்கள் அதை அப்படியே அச்சிட்டுவிடவில்லை. மாற்றம் உள்ள புரதத்தைச் செய்து, மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டரில் அதன் முனையைப் படித்தார்கள். வெட்டு உண்மையிலேயே இரண்டு இடம் தள்ளிப் போயிருந்தது. அதனால் புரதத்தின் முன்பகுதியைக் கட்டிப்பிடித்திருந்த ஒரு கந்தகப் பிணைப்பு குலைந்து, சில எதிர்ப்பொருள்கள் பிடி இழந்தன என்பதும் தெரிந்தது. 2021இல் வெளியான இந்த ஆய்வில் கணிப்பு எந்தக் கதவைத் தட்ட வேண்டும் என்று காட்டியது; கதவைத் திறந்தது சோதனை.

இன்னொன்று இதைவிடப் பெரியது. மூளைக்காய்ச்சல் உண்டாக்கும் மெனிங்கோகாக்கஸ் பாக்டீரியாவின் பி வகைக்கு, பரவலாகப் பலன் தரும் தடுப்பூசியை நெடுங்காலம் செய்ய முடியவில்லை. அதன் மேலுறைச் சர்க்கரை மனித உடலில் இருப்பதைப் போலவே இருப்பதால் நோய் எதிர்ப்பு அமைப்பு அதை எதிரியாகப் பார்ப்பதில்லை. இத்தாலியில் ரினோ ராப்புவோலியின் குழுவினர் பாக்டீரியாவின் முழு மரபணுத் தொகுதியையும் கணினியில் அலசி, செல்லின் மேற்பரப்பில் இருக்கவோ வெளியே சுரக்கப்படவோ வாய்ப்புள்ள புரதங்களைப் பொறுக்கினார்கள். சிக்னல் பெப்டைடு போன்ற அடையாளங்களே அந்தப் பொறுக்கலுக்கு வழிகாட்டி. 2000இல் வெளியான அந்த ஆய்வில், 350 புரதங்களை உண்மையாகவே தயாரித்து, சுத்திகரித்து, சுண்டெலிகளுக்குச் செலுத்தி, எவை பாக்டீரியாவைக் கொல்லும் எதிர்ப்பொருளை உண்டாக்குகின்றன என்று பார்த்தார்கள். அந்தச் சல்லடையில் பெரும்பாலானவை விழுந்துவிட்டன. கடைசியில் மூன்று புரதங்கள் தேறி, 2013இல் ஐரோப்பாவில் அனுமதி பெற்ற தடுப்பூசியில் இடம்பிடித்தன. கணினிப் பட்டியலோடு நின்றிருந்தால் அது நூற்றுக்கணக்கான பெயர்கள் கொண்ட ஓர் அட்டவணையாக இருந்திருக்கும். இன்று ‘கணினி வழித் தடுப்பூசி வடிவமைப்பு’ என்ற தலைப்பில் வந்து குவியும் பல கட்டுரைகள் அந்த அட்டவணையோடு நின்றுவிடுகின்றன. அவற்றின் கடைசிப் பத்தியில் ‘சோதனை மூலம் உறுதி செய்ய வேண்டும்’ என்று ஒரு வரி சடங்குக்காக இருக்கும். அந்த வேலையை யார் செய்யப்போகிறார்கள் என்பது மட்டும் இருக்காது.

கருவி கேட்டுக்கொள்ளும் கேள்வியும் நாம் அதனிடமிருந்து எடுத்துக்கொள்ளும் பதிலும் வேறுவேறு என்பதுதான் இதில் மிக நுட்பமான சிக்கல். ‘இந்த முனையில் சிக்னல் பெப்டைடு இருக்கிறதா?’ என்பது மட்டுமே கருவியின் கேள்வி. நாமோ ‘இந்தப் புரதம் வெளியே போகிறதா?’ என்பதற்கான பதிலாக அதை வாசிக்கிறோம். சிக்னல் பெப்டைடு இருந்தும் வெளியே போகாத புரதங்கள் ஏராளம். மனித செல்லில் பிஐபி என்ற புரதம் சிக்னல் பெப்டைடோடு பிறந்து, எண்டோபிளாஸ்மிக் ரெட்டிகுலத்துக்குள் போய் அங்கேயே தங்கிவிடுகிறது. அதன் வால் முனையில் அதற்கென்று வேறொரு குறிப்பு இருக்கிறது. இன்சுலின் ஏற்பிக்கும் சிக்னல் பெப்டைடு உண்டு. அது சவ்வில் பதிந்தே நிற்கிறது. ஈ.கோலை போன்ற பாக்டீரியாக்களில் சிக்னல் பெப்டைடு உள்ள பல புரதங்கள் இரண்டு சவ்வுகளுக்கு நடுவிலுள்ள இடைவெளியோடு நின்றுவிடுகின்றன. மறுபக்கம், வெட்டப்படும் சிக்னல் பெப்டைடு இல்லாமலே வெளியே போகும் புரதங்களும் இருக்கின்றன. கோழி முட்டையின் வெள்ளைக்கருவிலுள்ள புரதத்தில் பாதிக்கு மேல் இருக்கும் ஓவல்புமின் அப்படிப்பட்டதுதான்.

நம் நாட்டுக்கு இதைவிடப் பொருத்தமான உதாரணம் காசநோய். உலகக் காசநோயாளிகளில் ஏறக்குறைய நான்கில் ஒருவர் இந்தியாவில் இருக்கிறார். உடலில் காசநோய்க் கிருமி நுழைந்திருக்கிறதா என்று பார்க்க ரத்தத்தில் செய்யும் ஐஜிஆர்ஏ பரிசோதனையும், புதிய வகைத் தோல் பரிசோதனையும் ஈசாட்-6, சிஎஃப்பி-10 என்ற இரண்டு புரதங்களை நம்பி நடக்கின்றன. பிசிஜி தடுப்பூசிக் கிருமியில் இவற்றுக்கான மரபணுக்கள் இல்லை. ஆகவே தடுப்பூசி போட்டவரையும் தொற்று உள்ளவரையும் பிரித்துக் காட்ட முடிகிறது. இரண்டும் கிருமியிலிருந்து வெளியே வரும் புரதங்கள். இரண்டிலும் வழக்கமான சிக்னல் பெப்டைடு கிடையாது! அவை வேறொரு தனி வாசல் வழியாக வெளியே வருகின்றன. 1990களில் கிருமியை வளர்த்த திரவத்தை வடிகட்டி, அதில் என்னென்ன மிதக்கின்றன என்று தேடியவர்கள்தான் ஈசாட்-6ஐக் கண்டார்கள். 95 அமினோ அமிலங்கள் மட்டுமே கொண்ட அந்தச் சின்னப் புரதத்தின் வரிசையை ஒரு கருவியில் ஒட்டி, ‘சிக்னல் பெப்டைடு இல்லை’ என்ற பதிலைப் பார்த்ததும் பட்டியலிலிருந்து நீக்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? கருவியின் பதில் சரி. அதை வைத்து ‘வெளியே வராது’ என்று நாம் எடுக்கும் முடிவுதான் தவறு. காசநோய்க்குச் சானடோரியத்தில் படுத்துக் கிடந்தே ஆக வேண்டும் என்று உலகமே நம்பியிருந்தபோது, வீட்டிலிருந்தபடி மருந்து சாப்பிட்டாலும் அதே பலன் கிடைக்கிறது என்பதை ஒப்பிட்டு நிரூபித்தவர்கள் சென்னையில் 1956இல் தொடங்கிய காசநோய் ஆய்வு மையத்தினர். எல்லாரும் ஏற்றுக்கொண்டதையும் சோதித்துப் பார்க்கும் பழக்கம் நமக்குப் புதிதல்ல.

‘கருவிகள் இப்போது மிகவும் துல்லியமாகிவிட்டன, இன்னும் எதற்கு இந்தச் சந்தேகம்?’ என்று கேட்பவர்கள் உண்டு. துல்லியம் கூடியது உண்மை. ஆனால் ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு பாக்டீரியாவில் 4,000 புரதங்கள் இருப்பதாகவும் அவற்றில் 400க்கு மட்டும் உண்மையிலேயே சிக்னல் பெப்டைடு இருப்பதாகவும் வைத்துக்கொள்வோம். கருவி அந்த 400இல் நூற்றுக்கு 95ஐச் சரியாகப் பிடிக்கிறது. மீதி 3,600இல் நூற்றுக்கு இரண்டை மட்டும் தவறாகச் சேர்த்துவிடுகிறது. கேட்பதற்கு அருமையான கருவிதான். பிடிபட்டவை 380 சரி, 72 தவறு. அதாவது ‘உண்டு’ என்று வந்த பட்டியலில் ஏறக்குறைய ஆறில் ஒன்று பொய். மொத்தத் துல்லியத்தைப் பார்க்கும்போது கண்ணில் படாத பிழை, பட்டியலை மட்டும் பார்க்கும்போது பெரிதாகி நிற்கிறது. ஒரு தடுப்பூசிக்கான புரதத்தைத் தேர்ந்தெடுப்பவர் கையில் வைத்திருப்பது பட்டியலைத்தான்.

கருவிக்குள் போகும் வரிசையே பிழையாக இருந்தால் நிலைமை இன்னும் மோசம். மரபணு எந்த இடத்தில் தொடங்குகிறது என்பதும் பல நேரம் இன்னொரு மென்பொருளின் கணிப்புதான். தொடக்கம் சில எழுத்துகள் தள்ளிக் குறிக்கப்பட்டிருந்தால் முனையே மாறிவிடும். சிக்னல்பியின் அண்மைப் பதிப்புகள் பார்ப்பது முதல் 70 அமினோ அமிலங்களை மட்டுமே. மலேரியா ஒட்டுண்ணியின் சில புரதங்களில் தண்ணீரை வெறுக்கும் பகுதி முனையிலிருந்து வெகுவாக உள்ளே தள்ளி இருக்கிறது. அங்கே தொடக்கத்தை மட்டும் பார்க்கும் கருவி தடுமாறலாம். உயிரினத்தின் வகையைத் தேர்ந்தெடுக்கும் பொத்தானும் சாதாரணமானது அல்ல. ஆறாம் பதிப்பில் பாக்டீரியாவின் வரிசையை ஒட்டிவிட்டு, மனிதன், தாவரம், ஈஸ்ட் அடங்கிய யூகேரியோட் பிரிவைத் தேர்ந்தெடுத்தால், கருவி ஒரே ஒரு வகையை மட்டுமே தேடும். மேலே சொன்ன மெனிங்கோகாக்கஸ் தடுப்பூசியின் முக்கியப் புரதம் ஒன்று கொழுப்பு ஒட்டிய லிப்போபுரதம். அதன் சிக்னல் பெப்டைடு வேறு வகை. அந்த வகையைத் தேடவே செய்யாத அமைப்பில் அது எப்படிக் கிடைக்கும்? ஆய்வேட்டில் எந்தப் பதிப்பு, எந்தப் பிரிவு என்று எழுதாவிட்டால், பிழை எங்கே நேர்ந்தது என்று பிறகு யாராலும் கண்டுபிடிக்க முடியாது.

எல்லாவற்றையும்விட என்னைக் கவலைப்படுத்துவது, கணிப்பு சுற்றிவந்து தன்னையே சாட்சிக்கு அழைக்கும் நிலை. 1986இல் ஜெனீவாவில் அமோஸ் பைரோக் தொடங்கிய ஸ்விஸ்-புராட், இன்று யூனிபுராட் என்ற பெரிய தரவுத்தளத்தின் இதயம். அதில் ஒரு புரதத்தின் பக்கத்தைத் திறந்தால் ‘சிக்னல் பெப்டைடு: 1 முதல் 24 வரை’ என்பது போன்ற வரி இருக்கும், பக்கத்திலேயே அதற்கான ஆதாரம் ஆய்வக முடிவா, ஒத்த புரதத்தைப் பார்த்துச் சொன்னதா, மென்பொருள் கணிப்பா என்று குறித்திருப்பார்கள். ‘அப்படியானால் பிரச்சினை ஏற்கெனவே தீர்ந்துவிட்டதே’ என்று ஒருவர் சொல்லலாம். தரவுத்தளம் ஒழுங்காகத்தான் இருக்கிறது. அங்கிருந்து எடுத்துப் போகிறவர்கள் வரியை எடுத்துக்கொண்டு ஆதாரக் குறிப்பை விட்டுவிடுகிறார்கள். பிறகு, ‘எங்கள் கருவியின் கணிப்பு தரவுத்தளத்தோடு ஒத்துப்போகிறது’ என்று எழுதுகிறார்கள். தரவுத்தளத்தில் இருந்ததே இன்னொரு கணிப்பாக இருந்தால், இரண்டு ஒப்புதல்களும் ஒரே வாயிலிருந்து வந்தவைதானே? சிக்னல்பியை உருவாக்கியவர்கள் இந்த ஆபத்தை நன்றாக அறிந்தவர்கள். அதனால்தான் கருவிக்குப் பயிற்சி கொடுக்கும்போது முடிந்தவரை சோதனைச் சான்று உள்ள சிக்னல் பெப்டைடுகளைப் பொறுக்கி எடுக்கிறார்கள். செய்தவர்கள் காட்டும் கறார்த்தனத்தைப் பயன்படுத்துகிறவர்களும் காட்ட வேண்டாமா? புரதங்களின் வடிவத்தைக் கணிக்கும் ஆல்ஃபாஃபோல்டின் பொதுத் தரவுத்தளத்திலும் இதே கதைதான். புரதத்தின் முழு வரிசைக்கும் அது வடிவம் வரைந்து தருவதால், உடலில் வெட்டி எறியப்பட்டுவிட்ட சிக்னல் பெப்டைடும் படத்தில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அந்தப் படத்தை அப்படியே ஆய்வேட்டின் அட்டையில் போடுகிறவர், உடலில் இல்லாத ஒரு பொருளைப் போடுகிறார்.

வலுவான ஆட்சேபம் ஒன்று இருக்கிறது. அதை மதித்துப் பதில் சொல்ல வேண்டும். நம் கல்லூரிகள் பலவற்றில் புரதத்தின் முனையைப் படிக்கும் கருவி கிடையாது. வேதிப்பொருள் வாங்க நிதி வருவதற்குள் மாணவர் படிப்பை முடித்துவிடுகிறார். கணினியும் இணையமும் இருந்தால் போதும் என்ற நிலைதான் அவரை ஆராய்ச்சிக்குள் நுழையவிட்டது. அந்தக் கதவையும் சாத்தச் சொல்கிறீர்களா என்று கேட்பார்கள். சாத்தச் சொல்லவில்லை. கணிப்பு மட்டுமே உள்ள ஆய்வேடு தரம் குறைந்தது என்ற எண்ணமும் எனக்கு இல்லை. நல்ல கேள்வியோடு வந்த கணிப்பு, அலட்சியமாகச் செய்த சோதனையைவிட மேலானது. அது தன்னைக் கணிப்பு என்று சொல்லிக்கொள்ள வேண்டும் என்பது மட்டுமே நிபந்தனை. அதோடு, எல்லாச் சோதனைக்கும் விலை உயர்ந்த கருவி வேண்டும் என்பதும் முழு உண்மை அல்ல. 1985இல் மனாயில், பெக்வித் இருவரும் விவரித்த முறை ஒன்று இன்றும் பயன்படுகிறது. ஈ.கோலையின் அல்கலைன் பாஸ்பட்டேஸ் நொதி, உள்சவ்வைத் தாண்டிப் போனால்தான் வேலை செய்யும். உள்ளேயே இருந்தால் சும்மா கிடக்கும். அதன் சொந்த சிக்னல் பெப்டைடை நீக்கிவிட்டு, நாம் சந்தேகப்படும் துண்டை அங்கே ஒட்டி, நிறம் மாறும் வேதிப்பொருள் கலந்த தட்டில் பாக்டீரியாவை வளர்த்தால், துண்டு நொதியை வெளியே கொண்டுபோனால் தட்டில் நீலப் புள்ளிகள் தோன்றும். வெட்டு சரியாக எந்த இடத்தில் விழுகிறது என்பதை இது சொல்லாது. ‘இந்தத் துண்டு வெளியே அனுப்பும் வேலையைச் செய்கிறதா?’ என்ற கேள்விக்கு, மரபணுவை ஒட்டி பாக்டீரியாவை வளர்க்கும் அடிப்படை வசதி உள்ள முதுகலை ஆய்வகமே பதில் சொல்லிவிடலாம். முனையைப் படித்துத்தான் ஆக வேண்டும் என்றால், பெரிய நிறுவனங்களின் மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர்களில் கல்லூரி மாணவர்களுக்கென்று ஒரு பங்கு நேரத்தை ஒதுக்க அரசு நிதி வழங்கும் அமைப்புகள் நிபந்தனை போடலாம். அவை மக்கள் வரிப்பணத்தில் வாங்கியவை.

ஒரு மரபணுத் தொகுதியில் இருக்கும் ஆயிரக்கணக்கான புரதங்களையும் ஒவ்வொன்றாகச் சோதிக்க முடியுமா என்றும் கேட்பார்கள். முடியாது, வேண்டவும் வேண்டாம். மொத்தப் பட்டியலைக் கணினி போடட்டும். அதிலிருந்து ஒன்றை எடுத்து, ‘இது வெளியே சுரக்கப்படுகிறது, ஆகவே தடுப்பூசிக்கு உகந்தது’ என்று எழுதும் அந்த இடத்தில் மட்டும் பேனா நிற்க வேண்டும். பட்டியலில் எத்தனை பெயர்கள் இருந்தாலும், ஆய்வேட்டின் முடிவுரை நம்பி நிற்பது பெரும்பாலும் மூன்று நான்கு புரதங்களைத்தான். சோதிக்க வேண்டியவை அந்த மூன்று நான்கு மட்டுமே.

ஆய்வு நெறியாளர்களுக்கும், பல்கலைக்கழகங்களின் ஆராய்ச்சிக் குழுக்களுக்கும், ஆய்விதழ் ஆசிரியர்களுக்கும் ஒரு வேண்டுகோள். புரத வரிசைகளைக் கணினியில் அலசும் ஒவ்வோர் ஆய்வேட்டின் அட்டவணையிலும் கூடுதலாக ஒரு பத்தியைக் கேளுங்கள். அதன் தலைப்பு ‘கணித்ததா, சோதித்ததா’ என்று இருக்கட்டும். கணித்தது என்றால் கருவியின் பெயர், பதிப்பு, தேர்ந்தெடுத்த உயிரினப் பிரிவு, கிடைத்த எண் ஆகிய நான்கும் பக்கத்தில் வர வேண்டும். தரவுத்தளத்திலிருந்து எடுத்தது என்றால் அங்கே இருக்கும் ஆதாரக் குறிப்பும் சேர்ந்தே வர வேண்டும். வாய்மொழித் தேர்வில் தேர்வாளர்கள் முதலில் பார்க்க வேண்டியது அந்தப் பத்தியைத்தான். இதற்குப் புதிய நிதியும் வேண்டாம், கருவியும் வேண்டாம். வரும் கல்வி ஆண்டிலேயே தொடங்கிவிடலாம்.